கடன்பட்டவர் பக்கம் யார் நிற்பது? கொல்லிமலை அரியூர் நாட்டை முன்வைத்து ஒரு மதிப்பாய்வு

கடன் கொடுத்தவர் வரம்பு மீறி வசூலிக்கத் தொடங்கினால், வாங்கியவர் பக்கம் யார் நிற்க வேண்டும்? தமிழகத்தில் இந்தக் கேள்விக்கு நூறாண்டுகளுக்கு மேலாகப் பதில் எழுதப்பட்டு வருகிறது. வட்டிக்கு வரம்பு கட்டுங்கள் என்றார்கள் சிலர். கடனையே வெட்டுங்கள் என்றார்கள் வேறு சிலர். நல்ல கடன் கிடைத்தால் கெட்ட கடன் தானே ஒழியும் என்று கூட்டுறவு இயக்கத்தார் நம்பினார்கள். பிற்காலத்தில் வசூல் நடத்தைக்கான விதிகளும், குறைதீர்ப்பாளரும், இலவச சட்ட உதவியும் வந்து சேர்ந்தன. ஒவ்வொரு பதிலும் தன் காலத்துக் கடன்காரர் ஒருவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அவர் உருமாறிய பிறகும் சட்டம் பழைய முகத்தையே தேடிக்கொண்டிருந்தது. இந்த வரலாற்றைப் படிக்கையில் திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது இதுதான்.

சமவெளியில் இருந்து பார்த்தால் இந்தப் பதில்கள் ஓரளவு நிறைவாகத் தெரியலாம். மலைமேல் இருந்து பார்த்தால் இடைவெளிகள்தாம் முதலில் தெரிகின்றன. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, குண்டூர் நாடு, சேலூர் நாடு எனப் பழைய நாட்டுப் பிரிவுகளே இன்றும் ஊராட்சிப் பெயர்களாக நிற்கின்றன. அரியூர் நாடு அவற்றுள் ஒன்று. மலை மக்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் மலையாளி என்னும் பழங்குடியினர். சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த சரிவுகளில் கடந்த சில பத்தாண்டுகளில் மரவள்ளி பரவியது. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியது. காப்பியும் அன்னாசியும் சேர்ந்துகொண்டன.

சாமை வீட்டுக்கு வரும். மரவள்ளி அடிவாரத்து ஜவ்வரிசி ஆலைக்குப் போகும். ஏறக்குறைய பத்து மாதம் மண்ணில் கிடக்கும் அந்தப் பயிருக்கு உரம், வெட்டுக்கூலி, வண்டி வாடகை எல்லாம் ரொக்கமாக வேண்டும். ரொக்கத் தேவை மலையேறியபோது கடனும் கூடவே ஏறியது. வியாபாரி தரும் முன்பணம், கூட்டுறவுச் சங்கக் கடன், நகை அடகு, குழுக் கடன், கைபேசிச் செயலிக் கடன் எனக் கடனுக்குப் பல வாசல்கள் இருக்கின்றன. முறையிடப் போகும் வாசல்களோ மாவட்டத் தலைநகரில் இருக்கின்றன. ஆட்சியர் அலுவலகம், மாவட்ட நீதிமன்றம், நுகர்வோர் ஆணையம் எல்லாமே நாமக்கல்லில். அடிவாரத்துக் காரவள்ளி வரை எழுபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, அதற்கும் அப்பால் போக வேண்டும். ஒரு மனு கொடுக்க ஒரு நாள் கூலி போகும். இந்தத் தொலைவையும் சேர்த்துத்தான் கீழே வரும் நிலைப்பாடுகள் ஒவ்வொன்றையும் எடைபோட வேண்டும்.

வட்டிக்குக் கட்டிய வரம்பு

அசலுக்கு மேல் வட்டி வளரக் கூடாது என்ற ‘தாம்துபட்’ விதி பழைய இந்து தருமநூல்களில் உண்டு. பம்பாய் நீதிமன்றங்கள் அதை ஏற்றன. சென்னை மாகாணத்தில் அது வேரூன்றவில்லை. ஆங்கிலேய அரசு 1918இல் கொண்டுவந்த மிகைவட்டிக் கடன் சட்டம், வழக்கு வந்தால் நியாயமற்ற வட்டியைக் குறைக்க நீதிபதிக்கு அதிகாரம் தந்தது. ‘வழக்கு வந்தால்’ என்ற அந்தச் சொற்களில்தான் அதன் பலவீனம் இருந்தது. அடகுக் கடைகளுக்கு 1943லும், வட்டித் தொழில் செய்வோருக்கு 1957லும் உரிமமும் வட்டி வரம்பும் விதித்து இங்கே தனித்தனிச் சட்டங்கள் வந்தன. உரிமம் வாங்கியவர் கண்காணிப்புக்குள் வந்தார். வாங்காதவர் வெளியே இருந்தபடியே தொழிலை நடத்தினார்.

2003இல் வந்த தமிழ்நாடு மிகைவட்டி வசூல் தடைச் சட்டம் அந்த வெளியாளைக் குறிவைத்தது. நாள் வட்டி, மணி வட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று தெருவில் புழங்கும் பெயர்களையே சட்டத்துக்குள் கொண்டுவந்தது அதன் சிறப்பு. மூன்றாண்டு வரை சிறையும் முப்பதாயிரம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. கடன்பட்டவரோ குடும்பத்தில் ஒருவரோ தற்கொலை செய்துகொண்டு, அதற்குச் சற்று முன்பு அவர்கள் துன்புறுத்தப்பட்டது தெரியவந்தால், துன்புறுத்தியவரைத் தற்கொலைக்குத் தூண்டியவராகவே கொள்ளலாம் என்றும் அது சொல்கிறது. அதிகம் பேசப்படாத இன்னொரு பிரிவும் இருக்கிறது. கடன்பட்டவர் தாமே நீதிமன்றத்துக்குப் போய், அசலையும் அரசு நிர்ணயித்த அளவு வட்டியையும் கட்டி, கடன் தீர்ந்ததாகப் பதிவு செய்யக் கேட்கலாம். மிரட்டுகிறவரிடம் நேரில் போகாமல் கணக்கை முடிக்க வழி தருவதால், இந்தச் சட்டத்தின் மிக நல்ல பகுதி இதுவே என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் கட்டுவதற்குக் கையில் பணம் வேண்டும். அது இருந்திருந்தால் சிக்கல் இவ்வளவு முற்றியிருக்காது.

வட்டி வரம்பு வாதத்தின் பெரிய குறை சாட்சியம். எடுத்துக்காட்டாக, நூறு நாள் தண்டலில் பத்தாயிரம் கடன் என்று வைத்துக்கொள்வோம். முதலிலேயே ஆயிரத்தைந்நூறு பிடித்துக்கொண்டு எட்டாயிரத்தைந்நூறு கைக்கு வருகிறது. நாளுக்கு நூறு ரூபாய் திருப்பிக் கட்ட வேண்டும். ஆண்டுக் கணக்கில் இந்த வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டிவிடும். புரோநோட்டில் பத்தாயிரம் என்றுதான் இருக்கும், அல்லது தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் இருக்கும். பிடித்தம் எந்தக் காகிதத்திலும் ஏறாது. 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீக்குளித்தது. சட்டம் வந்து பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. 2022 ஜூனில் காவல்துறை ‘ஆபரேஷன் கந்துவட்டி’ என்று தனி நடவடிக்கை தொடங்க வேண்டியிருந்தது. இதே நாமக்கல் மாவட்டத்தில், 2025 ஜூலையில், பள்ளிபாளையம் பகுதி விசைத்தறித் தொழிலாளர்கள் கடன் நெருக்கடியில் சிறுநீரகம் விற்ற செய்தி வெளிவந்தது. சென்னை உயர் நீதிமன்றம் சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. சட்டமே இல்லை என்று இந்த நிகழ்வுகளைப் பார்த்துச் சொல்ல முடியாது. முறையிட வேண்டியவரைச் சட்டம் சென்றடையவில்லை என்று சொல்லலாம்.

கடனை வெட்டுதல்

இரண்டாவது மரபு வரம்போடு நிற்காமல் கடனையே குறைக்கச் சொன்னது. அரசு அலுவலர் சத்தியநாதன் 1935இல் அளித்த கடன் நிலை அறிக்கை, பொருளாதார மந்தத்தில் சென்னை மாகாண உழவர்கள் எவ்வளவு ஆழத்தில் கிடந்தார்கள் என்று காட்டியது. ராஜாஜி அமைச்சரவை 1938இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பழைய கடன்களில் 1937 அக்டோபர் 1 வரை நிலுவையில் இருந்த வட்டியை அது அழித்தது. அசலைப் போல் இரு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடன் முழுவதுமே தீர்ந்ததாகக் கொண்டது. வேரூன்றாத பழைய ‘தாம்துபட்’ நியாயம் சட்டமன்றம் வழியாக வேறொரு வடிவில் திரும்பி வந்தது என்றுகூடப் பார்க்கலாம். துணிச்சலான சட்டம் அது. ஆனால் அது கைகொடுத்தது நிலத்தில் உரிமை இருந்தவருக்கு. கூலிக்கு உழைத்தவர் அதன் வரையறைக்குள் வரவில்லை. புதுப்பித்து எழுதிய பத்திரத்தில் உண்மையான அசல் எது என்ற வழக்குகளும் பல்லாண்டுகள் நடந்தன.

நெருக்கடி நிலைக் காலத்தில், 1975க்குப் பின், கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் மாநிலக் கடன் நிவாரணச் சட்டங்களும் கூலித் தொழிலாளிகளையும் உள்ளே கொண்டுவந்தன. முன்பணத்துக்காக உழைப்பையே ஈடு வைக்கும் முறையைச் சட்டம் செல்லாததாக்கியது, அந்தக் கடனையும் சேர்த்து. மலையில் இருந்து வெளியூர் வேலைகளுக்கு முன்பணம் வாங்கிப் போகிறவர்களுக்கு 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் இன்றும் பொருந்தும். அது பலருக்கும் தெரிவதில்லை.

பிற்காலத் தள்ளுபடிகள் வேறு வகை. 2021 பிப்ரவரியில் தமிழக அரசு கூட்டுறவுப் பயிர்க்கடன் ரூ.12,110 கோடியைத் தள்ளுபடி செய்தது; 16.43 லட்சம் விவசாயிகள் பயன்பெறுவர் என்று அறிவித்தது. தள்ளுபடி திருப்பிச் செலுத்தும் ஒழுக்கத்தைக் கெடுக்கும் என்பது வங்கியாளர் தரப்பு. அழியும் நிலையில் இருப்பவருக்கு ஒழுக்கப் பாடம் எடுக்க முடியாது என்பது உழவர் தரப்பு. இரண்டிலும் உண்மை இருக்கலாம். இவ்விரு தரப்பும் கவனிக்காத ஒன்று உண்டு: இத்தகைய தள்ளுபடி தொடுவது கூட்டுறவுச் சங்கங்கள் கொடுத்த கடனை மட்டுமே. வியாபாரியிடம் வாங்கிய முன்பணம், பைனான்ஸ் கடன், குழுக் கடன் எல்லாம் அப்படியே நிற்கும். வசூல் கொடுமை பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது.

நல்ல கடன் என்ற நம்பிக்கை

சென்னை அரசுக்காக பிரெடரிக் நிக்கல்சன் 1895, 1897 ஆண்டுகளில் தந்த அறிக்கைகள் ஜெர்மனியின் ரைபைசன் கடன் சங்கங்களை இங்கே கொண்டுவரச் சொன்னவை. 1904இல் கூட்டுறவுச் சட்டம் வந்தது. அரை நூற்றாண்டு கழித்து, 1954இல் வெளியான அகில இந்திய ஊரகக் கடன் ஆய்வு, கிராமக் கடனில் கூட்டுறவின் பங்கு ஏறக்குறைய மூன்று சதவீதம்தான் என்று கண்டது. பழங்குடிப் பகுதிகளுக்கென்று 1970களில் ‘லேம்ப்’ எனப்படும் பெரும்பல்நோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் உருவாயின. கடன், இடுபொருள், விளைபொருள் கொள்முதல் மூன்றையும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்து வியாபாரியின் பிடியை உடைப்பது நோக்கம். மலைக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு அதன்பின் வரவில்லை என்பது இக்கட்டுரையின் கருத்து. முன்பணத்தின் பிடி வட்டியில் மட்டும் இல்லை. விளைச்சலை யாரிடம், என்ன விலைக்குக் கொடுப்பது என்பதிலும் அது இறுகுகிறது. வட்டியே இல்லாத முன்பணமும் எடையிலும் விலையிலும் வட்டியை எடுத்துக்கொள்ளக் கூடும். எந்த மிகைவட்டிச் சட்டமும் அந்த எடைத் தராசைப் பார்ப்பதில்லை. ஆனால் கடனை மட்டும் கொடுத்துவிட்டுக் கொள்முதலில் பின்தங்கும் சங்கத்தால் அந்தப் பிடியைத் தளர்த்த முடியாது.

மகளிர் குழுக்கள் அடுத்த அலை. தருமபுரியில் 1989இல் தொடங்கிய மகளிர் மேம்பாட்டுத் திட்டம், 1992இல் நபார்டு கொண்டுவந்த வங்கி இணைப்பு, பின்னர் மகளிர் திட்டம் என்று தமிழகம் இதில் நாட்டுக்கே முன்னோடி. கொல்லிமலையில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் சிறுதானியப் பாதுகாப்பைக் குழுக்களோடும் விதை வங்கிகளோடும் இணைத்துச் செய்த பணி பரவலாக அறியப்பட்டது. சேமித்துப் பழகி, தங்களுக்குள் கடன் கொடுத்து வாங்கி வளர்ந்த அந்தக் குழுக்களையும், கடனுக்காகவே ஐந்து, பத்துப் பெண்களைச் சேர்த்து உட்காரவைக்கும் நுண்கடன் குழுக்களையும் ஒரே பெயரால் அழைப்பது பெரிய குழப்பத்தை உண்டாக்கியிருக்கிறது. முதலாவதில் பணம் குழுவுடையது. இரண்டாவதில் பணம் நிறுவனத்துடையது, உத்தரவாதம் மட்டும் குழுவுடையது.

கூட்டுப் பொறுப்பு என்ற அந்த உத்தரவாதம் விளைவிப்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒருவர் தவணை கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். ஆகவே கூட்டம் முடியாது, யாரும் வீட்டுக்குப் போக முடியாது. நிறுவன ஊழியர் குரல் உயர்த்தாமலே இருக்கலாம்; பக்கத்து வீட்டுக்காரியின் முகமே போதும். வங்காளதேசத்தில் கிராமீன் வங்கி புகழ்பெறச் செய்த இந்த முறையின் திறமையும் கொடுமையும் ஒரே இடத்தில் இருக்கின்றன. அரியூர் நாடு போன்ற இடத்தில் குழுவில் இருப்பவர்கள் பெரும்பாலும் உறவுக்காரர்கள். நாத்தனார் முன்னிலையில், கொழுந்தன் மனைவி முன்னிலையில் தவணை தவறுவது வெறும் பணச் சிக்கலோடு முடிவதில்லை. இந்த அவமானத்தைத் துன்புறுத்தல் என்று எந்தச் சட்டப் பிரிவின்கீழ் எழுதுவது?

2010இல் ஒருங்கிணைந்த ஆந்திரத்தில் தற்கொலைச் செய்திகள் அடுத்தடுத்து வந்தபோது அந்த மாநிலம் அவசரச் சட்டம் போட்டது. நுண்கடன் துறை அங்கே நிலைகுலைந்தது. மாலேகாம் குழுவின் பரிந்துரைப்படி ரிசர்வ் வங்கி 2011இல் நுண்கடன் நிறுவனங்களுக்குத் தனி வகைமையும் வட்டி வரம்பும் தந்தது. இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் போருக்குப் பின் இதே கதை. 2018இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் வாங்கிய ஒரு லட்சம் ரூபாய்க்குட்பட்ட நுண்கடன்களை அரசு ஏற்றுக்கொள்ள நேர்ந்தது. மருந்தாக வந்த கடன் நோயானதை ஒரு நாட்டின் நிர்வாகக் கோளாறு என்று மட்டும் ஒதுக்க முடியவில்லை.

வசூலுக்கு விதி

அமெரிக்கா 1977இலேயே கடன் வசூல் நடத்தைக்குத் தனிச் சட்டம் இயற்றியது. கடன்பட்டவர் கேட்டால் கடன் உண்மைதான் என்று வசூலிப்பவர் நிறுவ வேண்டும் என்பது அதன் உயிர்நாடி. இந்தியாவில் அத்தகைய தனி மத்தியச் சட்டம் இல்லை. நீதிமன்றத் தீர்ப்புகளும் ரிசர்வ் வங்கி விதிகளும் அந்த இடத்தை ஓரளவு நிரப்புகின்றன. அடியாட்களை வைத்து வசூலிப்பதை உச்ச நீதிமன்றம் 2007இல் பிரகாஷ் கவுர் வழக்கில் கடுமையாகக் கண்டித்தது.

2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கியின் நுண்கடன் விதிகள் படிக்க நன்றாகவே இருக்கின்றன. ஆண்டு வருமானம் மூன்று லட்சம் வரை உள்ள குடும்பத்துக்குத் தரும் ஈடற்ற கடன் நுண்கடன். குடும்பத்தின் எல்லாத் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. கடன் அட்டை, வாங்கியவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். வசூல் பொதுவாகக் குறித்த இடத்தில் நடக்க வேண்டும். இரண்டு முறையோ அதற்கு மேலோ தொடர்ந்து அங்கே வராவிட்டால்தான் வீட்டுக்கோ வேலையிடத்துக்கோ போகலாம். காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது. உறவினரை, நண்பரை, உடன் வேலை செய்பவரை மிரட்டக் கூடாது. இவற்றோடு சேர்த்து வட்டி வரம்பையும் அதே விதிகள் நீக்கிவிட்டன. சந்தைப் போட்டி வட்டியைக் குறைக்கும் என்பது எதிர்பார்ப்பு. 2024 அக்டோபரில், அளவுக்கு மீறிய வட்டியைக் காரணம் காட்டி, நான்கு நிறுவனங்கள் புதுக் கடன் வழங்குவதை ரிசர்வ் வங்கியே நிறுத்தி வைத்தது. எதிர்பார்ப்பு எந்த அளவு நிறைவேறியது என்பதற்கு அது ஒரு குறிப்பு.

மாத வருமானத்தில் பாதி என்ற அளவுகோல் மலையில் எப்படிப் பொருந்தும் என்பதும் கேள்விதான். மிளகு ஆண்டுக்கு ஒரு முறை. மரவள்ளி பத்து மாதத்துக்கு ஒரு முறை. மாத வருமானம் என்ற ஒன்று இல்லாத வீட்டுக்கு ஆண்டு வருமானத்தைப் பன்னிரண்டால் வகுத்து ஓர் எண்ணைப் போடலாம். தவணையோ வாரந்தோறும் வரும்.

முறையிட இரண்டு வழிகள் உண்டு. ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்புத் திட்டம் 2021 நவம்பரில் தொடங்கியது. கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை, 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் புகார் தந்து முப்பது நாள் காத்திருக்க வேண்டும். எழுத்தில் தருவதும் அதற்கான சான்றை வைத்திருப்பதும் நகரத்துப் பழக்கங்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நிதிச் சேவையும் சேவையே; ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது; இணையவழியாகவும் மனுச் செய்யலாம். ரசீது தராத தனியாள் வட்டிக்காரருக்கு எதிராக இந்த இரண்டு வழிகளும் பெரிதும் உதவுவதில்லை.

கடன் வரலாற்றுச் சிக்கலையும் இங்கேயே சொல்லிவிடலாம். ‘சிபில் இல்லை’ என்ற ஒரு சொல்லில் கடன் மறுக்கப்படுவது இப்போது மலைக்கும் வந்துவிட்டது. 2025இல் கூட்டுறவுப் பயிர்க்கடனுக்கே சிபில் பார்க்கும் முயற்சியைத் தமிழக விவசாயிகள் எதிர்த்தார்கள். பிறர் தவணை தவறியதோ, அடைத்த கடன் அடையாமல் நிற்பதோ பதிவில் இருந்தால் அதைத் திருத்தக் கேட்கும் உரிமை உண்டு. ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கை இலவசம். புகாரை முப்பது நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு நூறு ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2023இல் விதித்தது. நல்ல விதி. அறிக்கை கணினியில் ஆங்கிலத்தில் வருகிறது.

எந்தச் சட்டம் யாருக்கு

மாநிலச் சட்டத்துக்கும் ரிசர்வ் வங்கிக்கும் இடையிலான எல்லைத் தகராறு இங்கே முக்கியம். ரிசர்வ் வங்கியில் பதிவான நிதி நிறுவனங்களுக்கு மாநில வட்டித்தொழில் சட்டங்கள் பொருந்தா என்று 2022 மே மாதம் நெடும்பிள்ளி பைனான்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே ஒரே பெண்ணின் மூன்று கடன்களுக்கு மூன்று சட்டங்கள், மூன்று அலுவலகங்கள். அவர் கண்ணுக்கு மூன்று பேரும் ஒரே மாதிரி இருசக்கர வண்டியில் வருபவர்கள்.

கர்நாடகம் 2025 பிப்ரவரியில் நுண்கடன் வசூல் வன்முறைக்கு எதிராக அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் கடன் வழங்கும் நிறுவனங்களின் வலுக்கட்டாய நடவடிக்கைகளைத் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. பதிவு கட்டாயம். மிரட்டல், பின்தொடர்தல், ஆவணப் பறிப்பு போன்றவற்றுக்கு மூன்றாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். வட்டி விகிதத்தை விட்டு நடத்தையைக் குற்றமாக்கியது புதிய திசை. விகிதத்தை நிறுவக் காகிதம் வேண்டும், மிரட்டலைச் சொல்ல அக்கம்பக்கத்தாரே போதும் என்ற வகையில் இது முன்னேற்றமாகலாம். ஆனால் அந்த அக்கம்பக்கத்தாரே குழுவின் கூட்டுப் பொறுப்பாளிகளாக இருந்தால் அவர்கள் சாட்சி சொல்வார்களா?

அதிகம் சொல்லப்படாத காப்புகள்

புதுச் சட்டங்களைப் பற்றிய விவாதத்தில் பழைய காப்புகள் மறைந்துவிடுகின்றன. புரோநோட்டுக் கடனுக்கு வழக்குப் போட மூன்றாண்டுதான் காலவரம்பு. அதற்குள் ஒரு சிறு தொகை கட்டி எழுத்தில் ஒப்புக்கொண்டால் காலவரம்பு மறுபடி தொடங்கும். ‘ஐந்நூறாவது கட்டிக் கையெழுத்துப் போடுங்கள்’ என்ற வற்புறுத்தலுக்குள் இந்தக் கணக்கும் இருக்கக்கூடும். கடன் என்ற சொல்லுக்கு நம் மொழியில் கடமை என்றும் பொருள். காலம் கடந்தது என்று சட்டம் சொன்னாலும் கொடுத்தாக வேண்டும் என்றே பலர் நினைப்பார்கள். அது அவர்கள் பெருமை. அந்தப் பெருமையைப் பயன்படுத்திக்கொள்ள இன்னொருவருக்கு உரிமை இல்லை.

வழக்கில் தோற்றாலும் உழவரின் குடியிருப்பு, உழவுக் கருவிகள், கால்நடை முதலியவற்றை ஜப்தி செய்ய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு தடை போடுகிறது. கட்ட இயலாத ஏழ்மைக்காக மட்டும் ஒருவரைச் சிறையில் அடைக்க முடியாது என்று 1980இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி கிருஷ்ண ஐயர் எழுதினார். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி கிடைத்த நில உரிமை வாரிசுக்குப் போகும், வேறு யாருக்கும் மாற்ற முடியாது. ஆகவே அந்தச் சான்றைப் பிடித்து வைத்திருக்கும் கடன்காரர் கையில் இருப்பது வெறும் தாள். ஆனால் சாதாரணப் பட்டா நிலத்துக்கு இந்தக் காப்பு இல்லை. ஆந்திரத்தின் பட்டியல் பகுதிகளில் பழங்குடியினர் நிலம் பிறருக்குக் கைமாறுவதை 1959ஆம் ஆண்டு ஒழுங்குமுறை தடுக்கிறது. தமிழகத்தில் அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணைப்படி அறிவிக்கப்பட்ட பகுதி எதுவும் கிடையாது. கடனுக்காக மலை நிலம் கைமாறும் வாசல் இங்கே திறந்தே இருக்கிறது. தமிழகப் பழங்குடியினர் கடன் சிக்கலைப் பேசும்போது இந்த இடைவெளியைத் தவிர்த்துப் பேசுவது முழுமையாகாது.

இலவச வழக்கறிஞர் என்ற பதில்

அரசமைப்பில் இலவச சட்ட உதவிக்கான 39அ பிரிவு 1976இல் சேர்ந்தது. சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் 1987இல் நிறைவேறி, 1995 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 12ஆம் பிரிவுப்படி பட்டியல் பழங்குடியினருக்கும், பெண்களுக்கும் வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. அதாவது அரியூர் நாட்டில் ஏறக்குறைய ஒவ்வொரு வீடும் இந்த உரிமைக்குள் வருகிறது. சாதிச் சான்று இன்னும் கைக்கு வராத பெண்ணும் பெண் என்ற தகுதியிலேயே கேட்கலாம். 15100 என்ற எண் அதற்கென்றே இருக்கிறது. பழங்குடியினருக்கென 2015இல் தேசியச் சட்டப்பணிகள் ஆணையம் தனித் திட்டமும் வகுத்தது. எழுத்தில் இதைவிட அகலமான உரிமை அரிது.

இடையூறு இந்த உரிமையின் வடிவத்தில் இருக்கிறது. சட்ட உதவி வழக்கை மையமாக வைத்து வளர்ந்தது. கைதுக்கு, ஜாமீனுக்கு, ஜீவனாம்சத்துக்கு வழக்கறிஞர் வேண்டும், அவர் வருகிறார். வசூல் கொடுமையில் வழக்கே இருப்பதில்லை. கொடுப்பவர் நீதிமன்றத்துக்குப் போவதில்லை, வாசலிலேயே வாங்கிக்கொள்கிறார். வாங்கியவரும் போவதில்லை, அடுத்த கடனுக்கு அதே ஆளிடம்தான் நிற்க வேண்டும். வழக்கறிஞர் நுழைவதற்கான கதவே அங்கே இல்லை.

வழக்கு வரும்போது அது பெரும்பாலும் மறுபக்கத்தில் இருந்து வருகிறது, மக்கள் நீதிமன்ற அறிவிப்பாக. செலவில்லாமல், சட்டென்று முடியும் என்பது அதன் உண்மையான நன்மை. அங்கே கையெழுத்திட்ட சமரசம் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. இப்போது தலைகீழான ஒரு நிலை. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் ஒரே நாளில் ஏராளமான கணக்குகளோடு வந்து அமர்கின்றன. அடிக்கடி வழக்காடும் நிறுவனம் ஒரே முறை வரும் தனியாளைவிட எப்போதும் ஒரு படி மேலே நிற்கிறது என்று அமெரிக்கச் சட்ட அறிஞர் மார்க் கேலன்டர் 1974இலேயே எழுதினார். இந்திய மக்கள் நீதிமன்றங்களைப் பற்றியும் அவர் பின்னாளில் ஐயங்களை எழுப்பினார். மக்கள் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் மன்றம் அல்ல, சமரசம் செய்யும் இடம் மட்டுமே என்று உச்ச நீதிமன்றம் 2008இல் ஜலூர் சிங் வழக்கில் நினைவூட்ட வேண்டியிருந்தது. வட்டி சரியா, கணக்கு சரியா, காலவரம்பு கடந்ததா என்று யாராவது முதலில் பார்க்க வேண்டும். அந்த நாளில் அதைப் பார்க்க நேரமிருக்கும் ஒரு வழக்கறிஞர் கடன்பட்டவர் பக்கம் உட்கார்ந்திருந்தால் மக்கள் நீதிமன்றம் மிக நல்ல மன்றம். இல்லாதபோது அது வசூலின் இன்னொரு மேசையாகிவிடும் ஆபத்து உண்டு.

தீராமல் நிற்பவை

எந்தக் கணக்கிலும் கட்ட முடியாத கடனுக்கு வழி என்ன? 2016ஆம் ஆண்டு திவால் சட்டத்தில் ‘புதுத் தொடக்கம்’ என்று ஒரு பகுதி எழுதப்பட்டிருக்கிறது. ஆண்டு வருமானம் அறுபதாயிரத்துக்கு மேற்படாமல், சொத்து இருபதாயிரத்துக்கு மேற்படாமல், தகுதியான கடன் முப்பத்தைந்தாயிரத்துக்கு மேற்படாமல் உள்ள சொந்த வீடற்ற ஏழைக்குக் கடனில் இருந்து விடுதலை தரும் பகுதி அது. சட்டம் வந்து பல ஆண்டுகள் ஆகியும் அந்தப் பகுதி நடைமுறைக்கு அறிவிக்கப்படவில்லை. சிறு கடனாளிக்கு இன்றும் கையில் இருப்பது 1920ஆம் ஆண்டு மாகாணத் திவால் சட்டம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 முதல் கடன் ஆலோசகர் மூலம் விண்ணப்பித்தால் அறுபது நாள் வசூல் நிறுத்தம் கிடைக்கிறது. அறுபது நாள் மூச்சுவிட இடம் கிடைத்தால் மிளகு விலை ஏறும்வரை காத்திருக்கலாம், பிள்ளை ஊரில் இருந்து பணம் அனுப்பும்வரை காத்திருக்கலாம். இங்கே அப்படியொரு ஏற்பாட்டைப் பற்றிய விவாதமே போதிய அளவு நடக்கவில்லை. கடன் ஆலோசகர் என்ற தொழிலும் இங்கே இன்னும் பரவலாக உருவாகவில்லை.

கூட்டுப் பொறுப்பின் சட்ட நிலையும் தெளிவு பெறவில்லை. சக உறுப்பினருக்காகக் கட்டிய தவணை உத்தரவாதமா, அன்பளிப்பா, கட்டாயமா? கட்டியவர் அதைத் திரும்பக் கேட்கலாமா? தன் தவணையைக் கட்டி முடித்த பெண்ணைக் கூட்டத்தில் உட்காரவைப்பது 2025ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வலுக்கட்டாயமா? ரிசர்வ் வங்கியில் பதிவான நிறுவனத்துக்கு எதிராக மாநிலக் காவல்துறை எவ்வளவு தூரம் போகலாம்? இவற்றுக்கு நீதிமன்றங்கள்தாம் விடை தர வேண்டும். விடை வர யாராவது வழக்குத் தொடுக்க வேண்டும்.

மலையைப் பொறுத்தவரை பெரும்பாலான திட்டங்கள் முன்வைக்கும் நடைமுறை விடை, உள்ளூர்ச் சட்டத் தன்னார்வலர். நாமக்கல்லுக்கு இறங்காமல், சந்தை நாளில் மலைமேலுள்ள செம்மேட்டிலோ சோளக்காட்டிலோ ஒருவர் உட்கார்ந்து கடன் அட்டையைப் படித்துச் சொல்வது, புகார்க் கடிதம் எழுதுவது, 15100க்கு அழைப்பது. இக்கட்டுரை பார்த்த பதில்களுள் கடன்பட்டவரின் வாசலுக்கு மிக அருகில் வரக்கூடியது இதுதான். ஆனால் ஒரு மலை ஊராட்சியில் படிக்கவும் பேசவும் அலுவலகம் போகவும் பழகிய பெண்களைத் தேடினால், குழுத் தலைவியின் பெயரும் அந்தச் சிறு பட்டியலில் இருக்கும் வாய்ப்பு அதிகம். தவணையைத் திரட்டிக் கொடுக்கும் பொறுப்பும் அவருடையது. கடன்பட்டவளுக்காக எழுதும் அதே கையில் வசூல் நோட்டும் இருந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு இதுவரை வந்த எந்தத் திட்டமும் நேராக விடை சொல்லவில்லை.